முதியோரைக் கொல்வது முதுமையல்ல

(நமது சங்கத்தின் தாராவிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. தோழர்கள் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது.)



இந்த மேடையில் வழக்கமாக ரேஷன் கார்டு பற்றிப் பேசுவோம். குடிசை எண் பற்றிப் பேசுவோம். மூடப்படும் தமிழ்ப் பள்ளி பற்றிப் பேசுவோம். இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அரசியல் மேடையில் நோய்க்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். யார் பிழைக்கிறார், யார் சாகிறார் என்பதை வருமானமும், தண்ணீர்க் குழாயும், கழிப்பிடத்தின் தூரமும் முடிவு செய்கிற நகரத்தில், நோயைவிடப் பெரிய அரசியல் எது தோழர்களே?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். நமது சங்கத் தோழர் ஒருவரின் தாயார். இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானவர். தோழருக்கு ஒரே அறை வீடு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு செம்பூர்ப் பக்கம் மாதக் கட்டணம் வாங்கும் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே பணிவிடை செய்த ஆயா நம் தாராவியைச் சேர்ந்த பெண். சென்ற ஆண்டு மழைக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்தத் தாயார் ஆயாவை அடையாளம் தெரியாமல் பார்த்தார். சனிக்கிழமை சாப்பிடவில்லை, எழுப்பினால் கண்ணைத் திறந்து மறுபடியும் தூங்கினார். டயப்பர் நனையவே இல்லை. ஆயா மேற்பார்வையாளரிடம் போய், "அம்மா சரியாயில்லை" என்று சொன்னார். "காய்ச்சல் இருக்கிறதா?" என்றார்கள். இல்லை. "அப்படியானால் வயதுதான். திங்கட்கிழமை டாக்டர் வருவார்" என்றார்கள். டயப்பர் நனையாதது மிச்சக் கணக்கில் சேர்ந்தது! ஞாயிறு இரவு மூச்சு வாங்கியது. கை கால் சில்லிட்டது. திங்கள் விடியற்காலை மருத்துவமனை. செவ்வாய்க்கிழமை பிணமாகத்தான் வெளியே வந்தார்.

படுக்கைப் புண்ணில் பற்றிய கிருமியால் செப்சிஸ் ஏற்பட்டிருக்கிறது, இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அந்த இல்லத்தின் பெயரை நாம் சொல்லப்போவதில்லை. ஒரு இல்லத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். மற்றவர்களில் நாமும் அடக்கம். அதே இல்லத்துக்கு அந்த ஆண்டு பொங்கலன்று நமது சங்கம் போயிருந்தது. வேட்டி, சேலை, பழம் கொடுத்தோம். பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். இரவில் இங்கே எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று நம்மில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்த உரை அந்த வெட்கத்தில் பிறந்தது.

செப்சிஸ் என்றால் என்ன? பழைய கிரேக்கச் சொல். அழுகுதல் என்று பொருள். இரத்தத்தில் நஞ்சு கலந்துவிட்டது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உடம்பில் எங்கோ ஓரிடத்தில் கிருமி புகுகிறது. நுரையீரலாக இருக்கலாம், சிறுநீர்ப் பையாக, புண்ணாக, வயிறாக இருக்கலாம். அதை எதிர்த்து உடம்பு போர் தொடுக்கிறது. அந்தப் போர் எல்லை மீறி உடம்பின் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்கினால் அதுதான் செப்சிஸ். இரத்த அழுத்தம் சரிகிறது. சிறுநீரகம் நிற்கிறது. மூளை மங்குகிறது. கலகத்தை அடக்க வந்த போலீஸ் தெருவில் நின்றவர்களையெல்லாம் அடிப்பதைப் போன்றது இது.

இது அரிய நோயா? இல்லை. 2017-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது, சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் மதிப்பிட்டார்கள். உலகில் நிகழும் ஐந்து சாவுகளில் ஒன்று என்று கணக்கு. அதே 2017-ம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார மாமன்றம் இதைத் தடுக்க வேண்டுமென்று எல்லா நாடுகளுக்கும் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் ஜெனீவாவில் நிறைவேறியது. செம்பூரில் அந்த ஆயாவின் காதுக்கு வரவில்லை.

நம் வீடுகளில் இந்தச் சாவுக்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. "வயசாகிவிட்டது, போய்விட்டார்." "இரண்டு நாளாகப் பேச்சில்லை, அடங்கிவிட்டார்." "அவர் நேரம் வந்துவிட்டது." தோழர்களே, தலையில் எழுதியிருக்கிறது என்ற பேச்சை ஒழிக்கத்தானே நாம் இயக்கத்துக்கு வந்தோம்? சாதியை விதி என்று சொன்னபோது எதிர்த்த நாம், தாயின் சாவை விதி என்று சொன்னால் தலையாட்டலாமா?

தந்தை பெரியாரை நினைத்துப் பாருங்கள். கடைசிக் காலத்தில் சிறுநீர்க் குழாயோடும் பாத்திரத்தோடும்தான் அவர் ஊர் ஊராகப் போனார். 1973-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் கடைசிப் பொதுக்கூட்டம் பேசினார். டிசம்பர் 24-ந் தேதி வேலூரில் மறைந்தபோது வயது 94. அந்த வயதில், அந்த நிலையில் ஒரு மனிதர் மேடையேறினார் என்றால், அவருடைய மனவலிமையோடு மணியம்மையாரின் கைகளும் அதற்குக் காரணம். உணவு, குளியல், சுத்தம் அத்தனையும் அந்த அம்மையார் பார்த்துக்கொண்டார். பணிவிடை என்பது வேலை. அறிவும் பொறுப்பும் வேண்டிய வேலை. நாம் அதை வேலையென்றே எண்ணுவதில்லை. ஆயாவுக்குக் கூலி குறைவு. அவர் சொல்லுக்கு மதிப்பு அதைவிடக் குறைவு.

இதற்கு வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 1840-களில் வியன்னா நகர மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். மருத்துவர்களின் பிரிவில்தான் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். பிணம் அறுத்த கையோடு அவர்கள் பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் கண்டுபிடித்து, 1847-ல் குளோரின் நீரில் கை கழுவச் செய்தார். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் பெரியவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. மேலே இருப்பவர் கை சுத்தம், கீழே இருப்பவர் கை அழுக்கு என்ற நினைப்பு அன்றும் கொன்றது, இன்றும் கொல்கிறது.

இனி அடையாளங்களுக்கு வருவோம். இதைக் கவனமாகக் கேளுங்கள். தாய்மார்கள் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள். வண்டி ஸ்டேஷனை நெருங்கும்போது முதலில் வருவது டிஸ்டன்ட் சிக்னல். பிறகுதான் ஹோம் சிக்னல். முதல் சிக்னலைப் பார்த்துப் பிரேக் போடாத டிரைவர் இரண்டாவது சிக்னலில் வண்டியை நிறுத்த முடியாது. முதியவர்களுக்குக் காய்ச்சல் என்பது சில சமயம் வரவே வராத சிக்னல். வயதான உடம்புக்குச் சூடேறும் சக்தி குறைவு. சிலருக்கு உடம்பு சில்லிட்டே போகும். 38 டிகிரி செல்சியசுக்கு மேல் போனாலும் ஆபத்து. 36-க்குக் கீழே இறங்கினாலும் ஆபத்து. ஆகவே "காய்ச்சல் இல்லை" என்ற சொல்லை நம்பி யாரும் தூங்கப் போகாதீர்கள்.

முதல் சிக்னல் எது? புத்தி மாறுவது. நேற்றுவரை பேரன் பெயர் சொன்னவர் இன்று உளறுகிறார், பேச்சு குழறுகிறது, எழுப்பினாலும் தூங்குகிறார், அல்லது காரணமில்லாமல் கோபப்படுகிறார். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர்களிடமும் திடீர் மாற்றம் தெரியும். "இன்றைக்கு இவர் இவராக இல்லை" என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தோன்றினால், அந்தத் தோற்றமே ஒரு அடையாளம்.

இரண்டாவது மூச்சு. அவருக்குத் தெரியாமல் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20. 22-ஐத் தாண்டினால் விழித்துக்கொள்ளுங்கள். 25-ஐ எட்டினால் உடனே புறப்படுங்கள். மூன்றாவது சிறுநீர். அரை நாளாக இல்லையென்றால், அல்லது மிகக் குறைவாக, கரும் மஞ்சளாக வந்தால் ஆபத்து. நான்காவது கடும் நடுக்கம், தாங்க முடியாத உடல் வலி. ஐந்தாவது தோல். வெளிறிப்போகும், நீலம் பாரிக்கும் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். நம்முடைய கறுப்புத் தோலில் அது எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், உதடு, நாக்கு இவற்றைப் பாருங்கள். ஆறாவது இரத்த அழுத்தம். மேல் எண் 100-க்குக் கீழே இறங்கினால், அதுவும் வழக்கமாக 140, 150 உள்ளவருக்கு இறங்கினால், அது நல்ல செய்தியல்ல.

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். தாராவி செத்துவிடும் என்று பேசினார்கள். மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் மருத்துவர்களும் வீடு வீடாக வந்தார்கள், விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினார்கள், காய்ச்சல் பார்த்தார்கள், முதியோரை முதலில் தேடினார்கள். தாராவி சாகவில்லை. நோயாளி தேடி வரட்டும் என்று காத்திராமல் நோயைத் தேடிப் போனதுதான் அதற்குக் காரணம். அன்று வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. எடுத்துப் புது பேட்டரி போடுங்கள். 92-க்குக் கீழே காட்டினால் காத்திருக்க வேண்டாம்.

இந்த அடையாளங்கள் தெரிந்தால் என்ன செய்வது? 108-ஐக் கூப்பிடுங்கள், தாமதமானால் டாக்சி பிடியுங்கள். சயான் மருத்துவமனையோ பக்கத்தில் எதுவோ, அவசரப் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள். பழைய மாத்திரைச் சீட்டு, சர்க்கரை, அழுத்தக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மொழி தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். இரண்டு வாக்கியம் போதும்: "கல் ஸே ஹோஷ் டீக் நஹீ ஹை. டாக்டர்சாப், யே செப்சிஸ் தோ நஹீ ஹை?" நேற்றிலிருந்து நினைவு சரியாயில்லை, இது செப்சிஸ் இல்லையே என்று பொருள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் மருத்துவர் ஒருமுறை நின்று யோசிப்பார். இரத்தம் எடுத்துக் கிருமி பார்ப்பது, நரம்பு வழியாக மருந்து, நீர் ஏற்றுவது இவையெல்லாம் மணிக்கணக்கில் நடக்க வேண்டியவை, நாள்கணக்கில் அல்ல. இரத்த அழுத்தம் சரிந்த நோயாளிக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்பது மருத்துவர்களின் விதி. சர்க்கரை குறைந்தாலும், பக்கவாதம் வந்தாலும் புத்தி மங்கும். எதுவாயிருந்தாலும் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான்.

வராமல் தடுப்பது எப்படி? அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் இவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்தாலோ கறுத்தாலோ அன்றே கவனியுங்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள், தரையில் படவிடாதீர்கள், தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழாய் இன்னும் தேவையா என்று ஒவ்வொரு முறையும் மருத்துவரைக் கேளுங்கள். படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள். சோறு மூச்சுக் குழலுக்குப் போனால் நிமோனியா வரும். பல்லும் பல்செட்டும் தினம் சுத்தமாக வேண்டும். சர்க்கரைக்காரர் காலைத் தினம் விரல் இடுக்குவரை பாருங்கள். இன்புளுயன்சா, நிமோனியா தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டில்லாமல் அதைத் தொடக்கூடாது. அரைகுறையாகத் தின்ற மருந்து கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிறது. உண்மையில் வேண்டிய நாளில் வேலை செய்யாது.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் சந்துகளில் எத்தனை பாட்டிமார்கள் மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை, தெரியுமா? ஏன்? இரவில் பொதுக் கழிப்பிடத்துக்குப் போக வேண்டும். வழியில் விளக்கில்லை; தரை வழுக்கும்; வரிசை நிற்கும். கூட யாரையாவது எழுப்ப வேண்டும். அதனால் தாகத்தை அடக்குகிறார்கள். முதியோர் இல்லத்திலோ, டயப்பர் மாற்ற ஆளில்லை என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கிருமி தங்குகிறது, கிருமி இரத்தத்தில் ஏறுகிறது, பாட்டி உளறுகிறாள், "வயசாகிவிட்டது" என்கிறோம். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி எது? கழிப்பிடம்! இப்போது சொல்லுங்கள், இது நோயா, அரசியலா?

சட்டம் என்ன சொல்கிறது? 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு "ஏற்படுத்தலாம்" என்கிறது. இல்லங்களின் தரத்தையும் மருத்துவ வசதியையும் வகுக்க அதே சட்டம் வழி தருகிறது. அரசு மருத்துவமனைகளில் முதியோருக்கு இயன்றவரை படுக்கையும், தனி வரிசையும் தரவேண்டும் என்கிறது. "லாம்" என்ற இரண்டு எழுத்தில் எத்தனை உயிர் ஒளிந்திருக்கிறது பாருங்கள்! 2024-ம் ஆண்டு அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமான வரம்பில்லாமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை ஆயுஷ்மான் திட்டத்தில் இடமுண்டு. கார்டு எடுக்காத வீடுகள் எத்தனை? அந்தக் கணக்கை நாம் எடுக்க வேண்டும். முதியோருக்குக் கொடுமை நடந்தால் 14567 என்ற தொலைபேசி எண் உண்டு.

வழிகாட்ட ஊர்கள் இல்லாமல் இல்லை. கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்துத் தொண்டர்களைப் பயிற்றுவித்துப் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே அனுப்பியது. 2008-ல் அந்த மாநில அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் படுக்கையில் உள்ளவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறது. ஊரில் இருக்கும் நம் பெற்றோருக்கு அது கிடைக்கிறதா என்று அடுத்த முறை தொலைபேசியில் கேளுங்கள். "பணம் வந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாச் சாவையும் தடுக்க முடியாது. நோய் முற்றி, இனி ஊசியும் குழாயும் வேண்டாம், வீட்டில் நிம்மதியாகக் கண்மூட வேண்டும் என்று விரும்புகிற முதியவரும் உண்டு. அது அவர் உரிமை. ஆனால் அது அவரும் குடும்பமும் மருத்துவரும் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை டாக்டர் வருவார் என்று விட்டுவிட்டு, பிறகு அதற்கு நிம்மதியான சாவு என்று பெயர் சூட்டக்கூடாது.

இனி நம் வேலை. ரயில்வேயில் ஷிப்ட் மாறும்போது ஸ்டேஷன் மாஸ்டர் வாயால் மட்டும் பொறுப்பை ஒப்படைப்பதில்லை. புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். உயிரில்லாத வாகனுக்கு இருக்கும் அந்த மரியாதை உயிருள்ள தாய்க்கு வேண்டாமா? நாம் போகும் ஒவ்வொரு முதியோர் இல்லத்திலும் நான்கு கோரிக்கை வைப்போம். ஒவ்வொருவருக்கும் மூச்சு, நாடி, அழுத்தம், சிறுநீர் எழுதும் ஒப்படைப்புப் புத்தகம் வேண்டும். இரவில் போதிய ஆள் வேண்டும். "சரியாயில்லை" என்று ஆயா சொன்னால் அந்த நேரமே மருத்துவரைக் கூப்பிடும் அதிகாரம் ஆயாவுக்கு வேண்டும். அப்படிச் சொன்னதற்காக எந்த ஆயாவின் வேலையும் போகக்கூடாது. ஏஜென்சி மூலம் 12 மணி நேரம் உழைக்கும் நம் பெண்களைச் சங்கத்தில் சேர்க்காமல் இந்தக் கடைசிக் கோரிக்கை நடக்காது. தாராவி மறுசீரமைப்பு பற்றிப் பேசுகிறவர்களிடம், முதியோர் உள்ள வீட்டுக்குள்ளேயே கழிப்பிடம் வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதிக் கொடுப்போம்.

சந்துக்கு இரண்டு பேர் என்று தொண்டர்கள் பெயர் கொடுங்கள். படுக்கையில் உள்ள ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு அட்டை எழுதுவோம். நலமாயிருக்கும் நாளில் மூச்சு எத்தனை, அழுத்தம் எத்தனை என்று அதில் இருந்தால்தான் நலமில்லாத நாளில் வித்தியாசம் தெரியும். வாரம் ஒருமுறை போவோம். பேனர் வேண்டாம்.

அந்த ஆயா இன்று இந்தக் கூட்டத்தில், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமையே நோயைக் கண்டுபிடித்தவர் அவர்தான். தொண்டர்களுக்கு முதல் வகுப்பை வரும் ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் அவரே எடுக்கச் சம்மதித்திருக்கிறார். மாலை 5 மணிக்கு எல்லோரும் வாருங்கள். வரும்போது வீட்டு ஆக்சிமீட்டரையும் எடுத்து வாருங்கள்.